மைக்கில் வாசிக்காத பெயர்

வாங்க சார், உக்காருங்க. அந்த ஸ்டூல் வேணாம், ஒரு கால் ஆடும். இந்தா, இந்த ஆம்ப்ளிபயர் பெட்டி மேல உக்காருங்க. ஒண்ணும் ஆகாது, அது செத்துப்போயி ரெண்டு வருசமாச்சு. பேரூராட்சிக்குப் புதுசா வந்திருக்கிற ஹெல்த் இன்ஸ்பெக்டர் நீங்கதான்னு காலையிலயே மூக்கையா வந்து சொன்னான். டெங்குவுக்கு மைக் போடணும்னு வருவாருண்ணே, எடுத்தெறிஞ்சு பேசிராதீங்கன்னு கையப் புடிச்சுச் சொல்லிட்டுப் போறான். மூக்கையான்னா ஆட்டோக்காரன். இருபது வருசமா நம்ம மைக் குழாயக் கட்டுறது அவன் ஆட்டோவுலதான்.

காகிதத்தக் குடுங்க பாப்போம். ம். தண்ணீர் தேங்காமல், தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர்... ம். ம். நல்லாத்தான் எழுதியிருக்கீங்க.

சரி சார். ஆட்டோ வரும். ரெண்டு குழாய் தாரேன், பேட்டரி தாரேன், எல்லாம் தாரேன். குரல் மட்டும் வேற யார்கிட்டயாவது வாங்கிக்கங்க. நான் மைக்ல பேசுறத விட்டுட்டேன்.

ஏன்னா கேக்குறீங்க? ஊர்ல ஒருத்தரும் சொல்லலையா? ஆச்சரியமா இருக்கு. எம் முதுகுக்குப் பின்னாடி சொல்றதுக்கு ஊருக்கே நேரம் இருக்கு, உங்ககிட்ட சொல்ல நேரமில்ல போல. அப்ப நானே சொல்லிர்றேன். நியாயத்த நீங்களே சொல்லுங்க. நீங்க படிச்சவுக, அதுவும் இதே டிபார்ட்மெண்டு.

என் பேரு தவமணி. தவமணின்னு கேட்டா இந்த ஊர்ல யாருக்கும் தெரியாது. மைக்செட்டுன்னாத்தான் தெரியும். முப்பத்தோரு வருசம் சார். திருவிழாவுல புள்ளையத் தொலச்சவுக எங்கிட்டத்தான் ஓடியாருவாக. நாளைக்குக் கரண்டு இல்ல, தண்ணி வராது, சொட்டு மருந்து போடுறாக, எல்லாம் இந்தத் தொண்டைதான். எழவு சொல்றதும் நான்தான். உங்க பக்கம் எப்படியோ தெரியாது. எங்க பக்கம் ஒருத்தர் போயிட்டா ஆட்டோவுல குழாயக் கட்டித் தெருத் தெருவாப் போகணும். இன்னாரோட மகன், இன்னாரோட தகப்பனார், இன்னிக்குச் சாயந்தரம் நாலு மணிக்கு எடுக்குறாகன்னு சொல்லணும். அதச் சொன்னப்புறந்தான் ஆளுக கெளம்பி வருவாக. எம் பேர நீதாண்டா மைக்ல சொல்லணும், எவனையாவது விட்டுக் கொன்னுறாதன்னு உசுரோட இருக்கிற பெருசுக எங்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சிருக்குதுக. பெருமைக்குச் சொல்லல. நடந்ததச் சொல்றேன்.

எந்த அறிவிப்பா இருந்தாலும் மொதல்ல இந்திராணிகிட்ட வாசிச்சுக் காட்டிட்டுத்தான் வெளிய போவேன். இந்திராணி எம் பொஞ்சாதி. அஞ்சாவது வரைக்குந்தான் படிச்சவ, ஆனா காது சுத்தம். வாசிக்கும்போது எதுத்தாப்புல நிப்பா. தலைய இப்படி லேசா ஆட்டுனான்னா சரி. மோட்டுவளையப் பாத்தான்னா மறுபடி வாசிக்கணும். வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. பேச்சே கம்மி அவ. வீட்ல நான் பேசுறதே ரெண்டு பேருக்குப் போதும்னு எம் மக சொல்லும். மக பேரு சுகன்யா. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்கு.

இந்திராணி சும்மா இருக்கிறவ இல்ல. வீட்டுலயே கிரைண்டர் போட்டு இட்லி மாவு யாவாரம். காலையில ஆறு மணிக்குத் தூக்குவாளியோட எங்க வாசல்ல ஆளுக நிக்கும். புளிக்காத மாவுன்னா மைக்செட்டுக்காரர் வீட்டு மாவுன்னு பேரு.

மொத வருசம் கொரோனா வந்துச்சுல்ல, அப்ப பேரூராட்சி செயல் அலுவலரு, ஈ.ஓ. அம்மா, கூப்பிட்டு ஒரு காகிதத்தக் குடுத்தாங்க. இப்ப நீங்க குடுத்த மாதிரித்தான். சமூக இடைவெளியைக் கடைப்பிடிக்கவும்னு இருந்துச்சு. யாருக்கு சார் புரியும் அது? நான் என்ன சொன்னேன்னா, ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு சைக்கிள் நிறுத்துற எடம் விடுங்க, சைக்கிள் இல்லாட்டியும் இருக்கிறதா நெனச்சுக்கங்கன்னேன். மறுநாளு ரேசன் கடையில ஒரு மனுசன் நெசமாவே சைக்கிளக் கொண்டாந்து நடுவுல நிறுத்திட்டு நிக்கிறாரு. சிரிக்காதீங்க சார், நடந்துச்சு. கேட்டதுக்கு, மைக்செட்டு சொன்னாருன்னாராம்.

காய்ச்சல்காரரைத் தனிமைப்படுத்தவும்னு இருந்துச்சு. ஒத்த ரூம் வீட்டுல எங்கிட்டுத் தனிமைப்படுத்துறது? நான் சொன்னேன், தனி ரூம் இல்லாட்டி தனிப் பாயி. தனித் தட்டு, தனி டம்ளர். அவுக வாயிலயும் துணி, உங்க வாயிலயும் துணி. முடிஞ்சா அடுப்படிப் பக்கம் படுத்துக்கங்க, காத்து வார எடமாப் பாத்து. இம்புட்டுத்தான். இத யாரும் எழுதிக் குடுக்கல, நானாச் சொன்னது. சின்னப் புள்ளைக எம் பின்னாடியே தனித் தட்டு தனி டம்ளருன்னு கத்திக்கிட்டே ஓடி வரும். ஈ.ஓ. அம்மா எல்லாருக்கும் முன்னால, தவமணி மாதிரி நாலு பேரு இருந்தா போதும்னு சொன்னாங்க. அந்த வருசம் எங்க ஊர்ல கொரோனாவால ஒரு சாவு கூடக் கெடையாது. கேட்டுப் பாருங்க.

மறு வருசந்தான் சார், ரெண்டாவது அலை. அதுலதான் எல்லாம்.

அய்யாக்காளைன்னு ஒரு டைலர், எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. காய்ச்சல வச்சுக்கிட்டு யார்கிட்டயும் மூச்சு விடாம மூணு நாளு கடையத் தெறந்து தச்சுக்கிட்டு இருந்திருக்கான். அந்தத் தெருவுல ஏழு பேருக்கு வந்துருச்சு. எனக்கு வந்த கோவம் இருக்கே! நாய் மாதிரி தெருத் தெருவாக் கத்திக்கிட்டு இருக்கேன், எங்க தெருக்காரனே மறைக்கிறான். பேரூராட்சியில இருந்து வந்து அவன் வாசலுக்குத் தகரம் அடிச்சாக. நான் ஆட்டோவுல போயி, நாலாவது வார்டு, கதவு எண் பதினேழு, டைலர் அய்யாக்காளை வீடு, அந்தப் பக்கம் யாரும் போக வேண்டாம்னு சொன்னேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை சொன்னேன்.

அவன் பொஞ்சாதி மல்லிகா தகரத்து சந்துல மூஞ்சிய வச்சுக்கிட்டு, அண்ணே, எல்லாம் சொல்லுங்கண்ணே, பேர மட்டும் சொல்லாதீங்கண்ணேன்னு சொல்லுச்சு. எல்லாரும் வேடிக்கை பாக்குறாக. நான் ஆட்டோவ நிறுத்தல. ஒரு வீட்டுக்குப் பாவம் பாத்தா ஊரு என்னாகுறது? என்ன சார், நான் சொல்றது சரிதான?

அன்னிக்குச் சாயந்தரம் பாக்குறேன், இந்திராணி தகரத்துக்கு மேல கைய எட்டி ஒரு தூக்குவாளி மாவு குடுத்துக்கிட்டு இருக்கா. மாஸ்க் போட்டிருந்தா, இல்லேங்கல. ஆனாலும் எனக்கு எப்படி இருக்கும்? அந்தப் பக்கம் போகாதீகன்னு மைக்ல சொல்றேன், எம் பொஞ்சாதி போயி நிக்கிறா. வீட்டுக்கு வந்து கத்திட்டேன். அவ மோட்டுவளையப் பாத்தா.

அங்கதான் அவளுக்குத் தொத்துச்சு சார். அந்த மாவு குடுத்த எடத்துலதான். நான் இன்னிக்கும் அதத்தான் சொல்லுவேன்.

எனக்கு வரல. கடைசி வரைக்கும் எனக்கு வரவே இல்ல. அந்த வாரம் பூரா தொண்ட மட்டும் கட்டிக்கிச்சு, சித்திர வெயில்ல கத்துனது. மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி. இருக்காதா, ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஆட்டோவுல உக்காந்து குலுங்குனா? ஒரு நாலஞ்சு நாளு காப்பி வெறும் வெந்நி மாதிரி இருந்துச்சு. டிக்காசன்ல என்னத்தடி கலக்குறன்னு இந்திராணியத் திட்டுனேன். கால் முழம் மல்லியப்பூ வாங்கிட்டு வந்தேன், மணமே இல்ல. பூக்காரி ஏமாத்திட்டா. ஈ.ஓ. அம்மா, நீங்க தெனம் நாலு தெரு சுத்துற ஆளு, ஒரு டெஸ்ட் எடுத்துக்கங்கன்னாங்க. ஊருக்குச் சொல்றவன் நானே போயி மூக்குல குச்சிய விட்டுக்கிட்டு நின்னா ஊரு என்ன நெனைக்கும்? அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்லம்மான்னு சொல்லிட்டேன்.

முழு ஊரடங்கு ஆரம்பிச்ச திங்கக்கெழம. தொண்ட கொஞ்சம் தேறியிருந்துச்சு. மறுபடி கட்டிக்கிட்டா என்ன பண்றது, பேசாம ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணி பென் டிரைவ்ல போட்டு ஓட விட்டுருவோம்னு நெனச்சேன். முன்ரூம்ல ரோட்டுச் சத்தம். அடுப்படிதான் அமைதி. போனக் கையில புடிச்சுக்கிட்டு, இந்திராணியக் கூப்பிட்டு எதுத்தாப்புல நிக்கச் சொன்னேன். மூச்சுச் சத்தம் கூட வரக்கூடாது பாத்துக்கன்னு சொன்னேன். அவ அடுப்படிக்குள்ள வராம பின்வாசல் நெலையிலயே நின்னுக்கிட்டா. கிட்ட வாடின்னா வரல. சரி, காது கேட்டாப் போதும்னு ஆரம்பிச்சேன்.

காகிதத்துல இருந்தத வாசிச்சேன். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் மறைக்காமல் உடனே தெரியப்படுத்தவும். அதுக்குக் கீழ நானா ரெண்டு வரி சேத்துக்கிட்டேன். அய்யாக்காளை மேல இருந்த கோவம். மறைக்கிற வீட்டுக்குத் தகரம் அடிக்கப்படும். மறைச்சவங்க பேரு இந்த மைக்குல வாசிக்கப்படும். அவ்வளவுதான். ரெண்டே வரி. அப்படிச் சட்டமெல்லாம் இல்ல சார், எனக்குத் தெரியும். ஒரு பயம் இருக்கட்டுமேன்னு சொன்னேன். நல்லதுக்குத்தான சொன்னேன்? நான் என்ன தப்பாச் சொன்னேன்?

வாசிக்கிறப்பவே அவளப் பாத்தேன். முந்தானைய எடுத்து வாயில வச்சு அமுத்திக்கிட்டு நிக்கிறா. கண்ணுல தண்ணி. நான் மறைச்சவங்க பேருன்னு கொஞ்சம் அதிகாரமா இழுத்துச் சொன்னேன்ல, அதக் கேட்டுச் சிரிப்ப அடக்குறான்னு நெனச்சேன். முடிச்சதும் எப்படின்னு கேட்டேன். தலைய ஆட்டுனா. ஒரே தடவையில முடிஞ்சுச்சு சார். அன்னிக்கு மத்தியானமே மூக்கையா ஆட்டோவுல ஓட ஆரம்பிச்சுருச்சு.

அந்த வாரம் அவ ஒரு தினுசாத்தான் இருந்தா. மாவு யாவாரத்த நிறுத்திட்டா. ஏன்டின்னா கிரைண்டர் பெல்ட் போயிருச்சுன்னா. ஊரடங்குல எவன் வந்து பெல்ட் மாத்துவான், சரி விடுன்னுட்டேன். காலையில தூக்குவாளியோட வந்தவுகள எட்டியிருந்தே கையக் காட்டி அனுப்பிட்டா. படுக்கைய அடுப்படிக்கு மாத்திக்கிட்டா. முன்ரூம்ல புழுக்கமா இருக்குன்னா. வீட்டுக்குள்ளயும் மாஸ்க் போட்டுக்கிட்டுத் திரிஞ்சா. மொளகா வறுக்குறேன், நெடி தாங்கலன்னா. மூணு நாளா மொளகாயா வறுப்பாகன்னு எனக்குத் தோணல சார், எனக்குத்தான் நெடியே தெரியலையே. எனக்குச் சோத்தப் போட்டு வச்சுட்டுப் பின்வாசலுக்குப் போயிருவா. அவளுக்குன்னு ஒரு ஈயத் தட்டு, ஒரு டம்ளர், அதத் தனியாக் கழுவித் தனியாக் கவுத்தி வச்சிருப்பா. மனுசிக்குத் திமிரப் பாரேன், ஒரு வார்த்தை கத்துனதுக்கு ஒரு வாரமா மூஞ்சிய மறைச்சுக்கிட்டுத் திரியிறாளேன்னு நெனச்சேன்.

எனக்கும் நேரமில்ல. காலையில போனா சாயந்தரந்தான் வருவேன். ரெக்கார்ட்தான ஓடுது, நீங்க ஏண்ணே அலையிறீகன்னு மூக்கையா சொல்லுவான். நான் முன்னாடி உக்காந்திருந்தா சனம் பயப்படும்டான்னு சொல்லுவேன். எட்டு நாளு சார். எல்லாத் தெருவும் போனோம்.

ஒம்பதாம் நாளு மத்தியானம் சாப்பிட வாரேன், சோறு எடுத்து வைக்கல. அடுப்படியில சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்கா. மூச்சு வாங்குது. ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு. தொட்டுப் பாத்தா கொதிக்குது. தொடாதீகன்னு கையத் தள்ளி விடுறா. எத்தன நாளாடின்னு கேட்டேன். பக்கத்துல சித்தரத்தைத் துண்டும் கசாயச் சட்டியும் இருக்கு. இவளா வச்சுக் குடிச்சிருக்கா. எங்கிட்ட ஏண்டி சொல்லலன்னு கத்துனேன். அவ சொன்னா, சொன்னா தகரம் அடிப்பாகல்லங்க. நான் சொன்னேன், நான் சொல்லி வச்சா நம்ம வீட்டுக்கு அடிக்க மாட்டாகடி. அதுக்கு அவ சொன்னா, அடிக்கலேன்னாலும் உங்களுக்குத்தானங்க அசிங்கம்.

மூக்கையாவுக்குப் போன் பண்ணி, அவன் நூத்தி எட்டக் கூப்பிட்டு, வண்டி வந்துச்சு. அவங்க கவச உடுப்புப் போட்டுக்கிட்டு எறங்குறதுக்குள்ள தெரு பூரா ஜன்னல்ல நிக்குது. ஸ்ட்ரெச்சர்ல ஏத்துனப்ப எஞ் சட்டையப் புடிச்சு இழுத்தா. குனிஞ்சேன். எம் பேர மட்டும் மைக்ல வாசிச்சுராதீங்கன்னா.

அதான் சார் எங்கிட்டக் கடைசியாப் பேசுனது.

ஆஸ்பத்திரியில கொறையே சொல்ல மாட்டேன். மதுரையில பெட்டு கெடைச்சுச்சு, ஆக்சிஜன் வச்சாக. அந்த நர்ஸ் புள்ளைக ராவும் பகலும் ஓடுச்சுக. டாக்டரு, வயசுல உங்கள மாதிரித்தான் இருப்பாரு, நாலு நாளைக்கு முன்னால கூட்டிட்டு வந்திருந்தா காப்பாத்திருக்கலாங்கய்யான்னாரு. நான் சொன்னேன், நான் டவுன் பூரா அதத்தான் டாக்டர் சொல்லிக்கிட்டு இருந்தேன், மறைக்காதீக மறைக்காதீகன்னு. அவரு அடுத்த பெட்டுக்குப் போயிட்டாரு. ஆறாம் நாளு முடிஞ்சு போச்சு.

மூஞ்சி மட்டும் காட்டுனாக, தூரத்துல இருந்து. சுகன்யா பாஸ் வாங்கிக் கார் புடிச்சு வந்து சேர்றதுக்குள்ள எரிச்சாச்சு. நானு, மூக்கையா, சுடுகாட்டு ஆளுக ரெண்டு பேரு. ஊர்ல எத்தன பேருக்கு எழவு சொல்லியிருக்கேன்! மாடு மேய்க்கிறவன் போனாலும் அவன் அப்பன் பேரு பாட்டன் பேரு எல்லாம் சொல்லித்தான் அனுப்பியிருக்கேன். இவளுக்குச் சொல்லல. கூட்டம் கூடக்கூடாதுன்னு நானே சொன்னது. அதுவுமில்லாம அவதான் வாசிக்காதீகன்னுட்டாளே. எழவுக்கும் சேத்துத்தான் சொன்னாளா, தகரத்துக்கு மட்டும் சொன்னாளான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல. யார்கிட்டக் கேக்குறது?

சுடுகாட்டுல இருந்து தெருவுக்குள்ள வாரேன், எங்க வீட்டு வாசலுக்குத் தகரம் அடிச்சுக்கிட்டு இருக்காக. தெரிஞ்ச பயகதான். என்னப் பாத்ததும் சுத்தியலக் கீழ போட்டுட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாய்ங்க. அடிங்கடான்னேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்னேன். உள்ள போயி உக்காந்தேன். மறுநாளு மூக்கையாவும் அவன் வீட்டுலயே அடைஞ்சுட்டான், ஆட்டோவ வேற எவனோ ஓட்டுறான். பென் டிரைவ் அதுலயேதான் இருக்கு. தகரத்துக்கு அங்கிட்டு எங் குரலு போகுது. மறைக்கிற வீட்டுக்குத் தகரம் அடிக்கப்படும். நான் இங்கிட்டு உக்காந்து கேக்குறேன்.

அன்னிக்கு மத்தியானம் அண்ணேன்னு ஒரு சத்தம். தகரத்துக்கு மேல ஒரு கை, அதுல ஒரு தூக்குவாளி. ரசமும் சோறும். மல்லிகா. பதினாலு நாளும் குடுத்துச்சு சார். ஒரு வார்த்தை சொல்லிக்காட்டல. சொல்லிக்காட்டியிருந்தாக் கூட நான் பதில் சொல்லியிருப்பேன்.

தகரத்த எடுத்தப்புறம் கிரைண்டரப் போட்டுப் பாத்தேன். மூலையில கெடந்துச்சே, வித்துருவோம்னு. பெல்ட் நல்லாத்தான் இருந்துச்சு. சுத்துச்சு.

இப்ப ஊரு என்ன சொல்லுது தெரியுமா? மைக்செட்டு மைக்கக் கட்டியே பொஞ்சாதியக் கொன்னுட்டான்னு சொல்லுது. டீக்கடையில நான் போனா பேச்ச நிறுத்திருவாய்ங்க. எங்கிட்ட எழவு சொல்லக் கூப்பிடுறதும் நின்னு போச்சு. பக்கத்து ஊர்ல இருந்து ஒரு பயலக் கூட்டியாராய்ங்க, அவனுக்கு ஒரு பேரு கூட ஒழுங்கா வராது. எம் மக அதுக்கும் மேல. அம்மா கொரோனாவுக்குப் பயப்படலப்பா, உங்களுக்குத்தான் பயந்துச்சுன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு. ஏன் சார், நான் அவ மேல ஒரு நாளு கை நீட்டியிருக்கேனா? எனக்கு எதுக்குப் பயப்படணும்? இன்னொண்ணும் கேட்டுச்சு. அப்பா, உங்களுக்கு எப்பப்பா ருசி தெரியாமப் போச்சுன்னு. அது எதுக்கு இப்பன்னேன். அழுதுச்சு. அதுல அழ என்ன இருக்கு? வெயில்ல வாய் கசந்ததுக்கெல்லாமா அழுவாக?

ஆனா ஒண்ணு சார். அவ தனித் தட்டு வச்சிருந்தா. தனிப் பாயி போட்டா. அடுப்படிப் பக்கம், காத்து வார எடமாப் பாத்துப் படுத்தா. மாவ நிறுத்திட்டா, வாங்குறவுகளுக்குப் போயிரக்கூடாதுன்னு. நான் சொன்ன அத்தனையும் செஞ்சிருக்கா. இந்த ஊர்லயே நான் சொன்னத ஒரு சொல்லு விடாமக் கேட்ட ஆளு அவதான். ஒண்ணே ஒண்ண மட்டும் கேக்கல. அது எப்படி சார்? முடியல சார்.

இருங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

மொத வருசத் தெவசத்துக்கு சுகன்யா வந்திருந்துச்சு. அம்மா கொரல் எதுலயாச்சும் இருக்காப்பான்னு கேட்டுச்சு. போட்டோ இருக்கு, வளைகாப்புல எடுத்த வீடியோ இருக்கு. எதுலயும் அவ பேசல. அவதான் பேச மாட்டாளே. நான் மைக்ல பேசுனதுதான் பெட்டி பெட்டியா இருக்கு. அந்தப் புள்ள எம் போன எடுத்து, காதுல மாட்டிக்கிட்டு, ஒண்ணொண்ணாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. சாயந்தரமா அப்பான்னு ஒரு சத்தம் போட்டுச்சு. ஓடிப் போனேன். காதுல இருந்து எடுத்து எங்கிட்டக் குடுத்துச்சு. அந்தத் திங்கக்கெழம ரெக்கார்டு.

மறைச்சவங்க பேருன்னு நான் இழுக்குறேன்ல, அங்க டம்ளர வைக்கிற மாதிரி ஒரு சத்தம். வளையல் சத்தம். அப்புறம் இன்னொரு சத்தம். துணிய வச்சு அமுத்துன மாதிரி, ரெண்டு தடவை.

நான் சொன்னேன், மொளகா நெடிம்மான்னு. சுகன்யா போன வச்சுட்டு அன்னிக்கே திருப்பூர் போயிருச்சு. இப்பவும் போன் பண்ணா எடுக்கும். சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கும். அதோட வச்சிரும்.

எட்டு நாளு சார். ரெண்டு குழாயில. பஸ் ஸ்டாண்டு, ரேசன் கடை, பெரிய தெரு, காலனி, மேட்டுத் தெரு. நான் முன் சீட்டுல உக்காந்திருக்கேன். ஊரு பூரா அந்தச் சத்தம் கேட்டிருக்கு. தெருவுக்குத் தெரு நிறுத்தி நிறுத்தித்தான் போனோம். நான் எங் கொரல்ல எங்கயாச்சும் பிசிறு இருக்கான்னுதான் பாத்துக்கிட்டே வந்தேன்.

சரி, காகிதத்த வச்சுட்டுப் போங்க. மூக்கையா சொன்னதுக்காகச் சொல்றேன். நாளைக்கு உங்க ஆபீஸ்ல ஒரு ரூம் குடுங்க, வந்து வாசிக்கிறேன். வீட்டுல வேணாம். கடைசியில ஒரு வரி இருக்குது பாருங்க, காய்ச்சலை மறைப்போர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும்னு. அது தப்புன்னு நான் சொல்லல. ஆனா அத நான் வாசிக்க மாட்டேன். பேனா இருக்கா? நீங்களே அடிச்சுருங்க. அடிச்சுட்டு, காய்ச்சல்னா வீட்டு ஆளுககிட்ட மொதல்ல சொல்லுங்க, யாரும் திட்ட மாட்டாகன்னு எழுதிக்கங்க. உங்க பெரிய ஆபீசர் ஒத்துக்கலேன்னா வேற ஆளப் பாத்துக்கங்க.

போறதுக்கு முன்னால ஒரு உதவி சார். இந்தா, இந்தப் போனக் காதுகிட்ட வச்சுக்கங்க. நீங்க நோயப் பத்திப் படிச்சவுக, உங்களுக்குத் தெரியும். மொளகா நெடின்னாலும் இப்படித்தான இருமுவாக? இல்ல, இது வேற இருமலா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, நான் ஒண்ணும் ஆயிர மாட்டேன்.

போடுறேன். இந்தா வருது. இன்னும் கொஞ்சம். நான் பேசுறதக் கேக்காதீங்க சார். அதுக்குப் பின்னால கேளுங்க.